ஒரு நாள் முன்னால் பெய்த மழை

புதிதாக வந்திருக்கும் பிள்ளைகளே, உங்களில் ஒருவர் என் பிரியாவிடைத் தேநீரின்போது மெதுவாகக் கேட்டார்: "மிஸ், இத்தனை வருசமா ஒரே கதிரையில இருந்து நம்பர் அடிச்சீங்களே, அதுல அப்படி என்னதான் கண்டீங்க?" கேள்வியில் குறும்பு இருந்தது. ஆனால் நியாயமும் இருந்தது. அன்றைக்குச் சிரித்து மழுப்பிவிட்டேன். தேநீர் ஆறுவதற்குள் சொல்லி முடிக்கிற பதில் இல்லை அது. அதனால் எழுதுகிறேன்.

நான் கண்டது ஒரு பிரமிப்பு. வேறு வார்த்தை எனக்குத் தெரியவில்லை.

எங்கள் காலத்தில் இந்த நீர்ப்பாசன அலுவலகத்தில் வெள்ளத்தைக் கணக்கிடும் கணினி மொடல் எட்டுக் கோப்புகளில் ஓடியது. நிலத்தின் உயரம் ஒன்றில். ஆற்றின் அகலமும் சரிவும் ஒன்றில். எங்கே காடு, எங்கே தேயிலை, எங்கே வயல், எது தண்ணீரை எவ்வளவு தடுக்கும் என்பது ஒன்றில். மழை ஒன்றில், அணைக் கதவுகள் ஒன்றில். தொடங்கும்போது ஆறு எந்த மட்டத்தில் இருந்தது, எந்த நாளிலிருந்து எந்த நாள்வரை ஓட வேண்டும், எந்தக் கோப்பு எங்கே இருக்கிறது என்று மற்ற மூன்றில். எல்லாம் வெறும் எழுத்தும் எண்ணும்தான். ஒரு பிளொப்பியை எடுத்துக் கைப்பைக்குள் போட்டால், ஒரு பள்ளத்தாக்கு என்னோடு பஸ் ஏறி வரும். மாத்தளை டவுனில் சோதனைச் சாவடியில் பையைக் கொட்டிக் காட்டச் சொல்வார்கள். "இதுல என்ன இருக்கு?" என்று அந்தச் சிப்பாய்ப் பையன் கேட்டால், "ஒரு ஆறு" என்று சொல்ல நாக்கு துடிக்கும். யுத்தம் நடந்த அந்த நாட்களில் அப்படிப் பகிடி விட்டால் வீடு போய்ச் சேர முடியாது. "ஒபிஸ் பைல்" என்று சொல்லிவிட்டு நடந்துவிடுவேன்.

என் முதல் வேலை வஹகோட்டைப் பக்கத்து ஓடைகளுக்கு. மொடலை ஓடவிட்டேன். மழை பெய்தது, ஓடைகள் பெருகின, ஆனால் கீழே ஒரு சொட்டும் வந்து சேரவில்லை. இரண்டு நாள் தலையைப் பிய்த்துக்கொண்டேன். உயரம் அளக்காத ஒரு கட்டத்தில் 'தெரியாது' என்பதற்கு அடையாளமாக மைனஸ் 9999 என்று போட்டு வைத்திருந்தார்கள். மொடலுக்கு அடையாளம் எல்லாம் புரியாது. அது சொன்னதை அப்படியே நம்பி, அந்த ஊர்த் தேவாலயத்துக்குக் கொஞ்சம் தள்ளிப் பத்துக் கிலோமீட்டர் ஆழத்துக்கு ஒரு பாதாளத்தைத் தோண்டி, அவ்வளவு தண்ணீரையும் அதற்குள் ஊற்றிக்கொண்டிருந்தது. அலுவலகமே சிரித்தது. அந்த ஊர்க்காரர் ஒருவர் எங்களோடு வேலை செய்தார், அவர் மட்டும் சிரிக்காமல், "நல்ல வேளை, பெருநாள் கூட்டத்துல நீங்க இத செய்யல்ல" என்றார்.

அந்தப் பாடத்தை நான் சிரிப்போடு படித்தேன். அடுத்ததை அப்படிப் படிக்க முடியவில்லை. அது ஒரு மனிதரின் வாழ்க்கையில் விழுந்தது.

நாவுலைக்குக் கீழே ஆற்றை மறித்து வயல்களுக்குத் தண்ணீர் திருப்பும் ஒரு சின்ன அணை இருந்தது. நான்கு இரும்புக் கதவுகள், கையால் சுற்றும் சக்கரம், பக்கத்தில் ஒரு ஒற்றை அறைக் குவார்ட்டர்ஸ். அங்கே கதவுக்காரராக வேலாயுதம் என்பவர் இருந்தார். தோட்டத்தில் பிறந்து, எப்படியோ அரசாங்க வேலைக்கு வந்தவர். காலை ஆறு மணிக்கும் மாலை ஆறு மணிக்கும் அளவுகோலைப் பார்த்து நீர்மட்டத்தைப் புத்தகத்தில் எழுதுவார். ஆறு ஏறினால் கதவைத் தூக்குவார். வேலை அவ்வளவுதான்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை விடியப்புறம் வெள்ளம் வந்து அணையைத் தாண்டி ஓடியது. வாய்க்கால் கரை உடைந்து வயல்களில் மண் மூடியது. உயிர் போகவில்லை, ஆனால் ஒரு போகம் போனது. வேலாயுதத்தின் புத்தகத்தில் சனிக்கிழமை மாலை ஆறு மணிக்கு 'வழமையான மட்டம்' என்று எழுதியிருந்தது. ஞாயிறு காலை நாலரை மணியளவில் தண்ணீர் ஒரேயடியாக வந்ததாகவும், சத்தத்தில் விழித்து உடனே கதவைத் தூக்கத் தொடங்கியதாகவும் சொன்னார். நாவுலையில் அந்தச் சனிக்கிழமை ஒரு தூறல் கூட இல்லை. மழையே இல்லாமல் இப்படி ஒரு வெள்ளம் எப்படி வரும் என்று வயல்காரர்கள் கேட்டார்கள். கேட்கிறவர்களைக் குறை சொல்ல முடியாது. ஆனால் அது யுத்த காலம், அணையில் இருந்தவர் தமிழர். கேள்வி சீக்கிரமே வேறு வடிவம் எடுத்தது. தெரிந்தே கதவைத் திறக்காமல் விட்டாரா என்று கேட்கத் தொடங்கினார்கள். பொலிஸ் கொண்டுபோய்ச் சில நாள் வைத்து விசாரித்து அனுப்பியது. வேலையிலிருந்து நிறுத்தினார்கள். ஒரு விசாரணைக் குழு போட்டார்கள்.

குழு எங்கள் அலுவலகத்திடம் ஒன்றைக் கேட்டது: தண்ணீர் அணைக்கு எப்போது வந்து சேர்ந்திருக்க வேண்டும்? மொடல் என்னிடம் இருந்தது.

எங்கள் மழைமானிகள் எதிலும் பெரிய மழை பதிவாகவில்லை. ஆறு பிறக்கிற மலையில் ஒரு தேயிலைத் தோட்டம் இருந்தது. அதற்குச் சொந்தமாக ஒரு மழைமானி உண்டு என்று கேள்விப்பட்டு எழுதிக் கேட்டோம். அவர்கள் அனுப்பிய தாளில் சனிக்கிழமைக்கு நேரே ஒரு பெரிய எண் இருந்தது. எனக்குச் சந்தோசம் தாங்கவில்லை. அந்த மழைமானியை மழைக் கோப்பில் புதிய வரியாகச் சேர்த்தேன். எப்படிச் சேர்த்தேன்? நீங்கள் எப்படிச் சேர்ப்பீர்களோ அப்படித்தான். மேலே இருந்த வரியைக் கொப்பி பண்ணி, பெயரையும் இடத்தையும் எண்களையும் மாற்றினேன். வரியின் கடைசியில் ஒரு '1' இருந்தது. மற்ற எல்லா வரியிலும் இருந்தது. அதைத் தொடவில்லை.

மொடலை ஓடவிட்டதும் படம் வந்தது. வெள்ளிக்கிழமையே மலையில் மழை கொட்டியிருக்கிறது, சனிக்கிழமையே ஆறு ஏறியிருக்கிறது, மாலை ஆறு மணிக்கு மட்டம் வழமையைவிட நாலடி அதிகம் என்று கோடு சொன்னது. வேலாயுதம் எழுதிய புள்ளி அதற்குக் கீழே தனியாகக் கிடந்தது. புத்தகம் பொய் என்று ஆகிவிட்டது. எங்கள் அலுவலகப் பொறுப்பாளரான பெரிய சேர் கையெழுத்துப் போட்டு அனுப்பினார். நான் என் வேலையை நன்றாகச் செய்துவிட்டேன் என்று நினைத்தேன். அதை இப்போது எழுதவே கூசுகிறது.

முதல் அமர்வுக்கு மொடலை விளக்க என்னையும் கூப்பிட்டார்கள். வேலாயுதத்தை அன்றைக்குத்தான் முதலில் பார்த்தேன். ஐம்பது வயதிருக்கும், கழுத்துவரை பட்டன் போட்ட வெள்ளைச் சட்டை, புத்தம் புதுக் கண்ணாடி. அதை அடிக்கடி கழற்றித் துடைத்துக்கொண்டே இருந்தார். அவருக்கு முன்பே அனுப்பியிருந்த எங்கள் படத்தைக் குழுத் தலைவர் காட்டி, "இதற்கு என்ன சொல்கிறீர்?" என்று கேட்டார். வேலாயுதம் சிங்களத்தில் மெதுவாகச் சொன்னார்: "நான் பார்த்ததைத்தான் எழுதினேன் சேர். ஆனால் மெசின் பொய் சொல்லுமா? என் கண்தான் பிழையாகப் பார்த்திருக்க வேண்டும்."

மறுத்துச் சண்டை பிடித்திருந்தால் எனக்கு இலேசாக இருந்திருக்கும். அவர் ஒத்துக்கொண்டார். அது என்னவோ செய்தது.

அடுத்த அமர்வுக்கு முன் தோட்டத்து மழைப் புத்தகத்தின் அசலைப் பார்த்து உறுதிப்படுத்தி வரச் சொன்னார்கள். வெறும் சம்பிரதாயம். முதல் பஸ்ஸில் போய், பிறகு கொழுந்து லொறியில் தொற்றிக்கொண்டு எட்டு மணிக்குத் தோட்டத்து ஒபிசுக்குப் போய்ச் சேர்ந்தேன். கிளாக்கர் ஐயாவுக்கு என் வயதுதான் இருக்கும். மேசையில் மழைப் புத்தகம் விரித்திருந்தது. சட்டைப் பையிலிருந்து ஒரு துண்டுச் சீட்டை எடுத்து, அதிலிருந்த எண்ணைப் புத்தகத்தில் எழுதினார். அன்று வியாழக்கிழமை. அவர் எழுதியது புதன்கிழமையின் கட்டத்தில்.

"ஐயா, தேதி மாறி எழுதுறீங்க" என்றேன்.

அவர் புத்தகத்தைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். "இல்லியே மிஸ். சரியாத்தான் எழுதுறேன்."

"இன்னைக்குக் காலையில அளந்தது தானே?"

"ஆமா, ஆறு மணிக்குப் பெரட்டுல, வேலைக்கு ஆள் எடுக்கும்போதே அளந்துருவோம். ஆனா அது நேத்து பேஞ்ச மழைங்களே. நேத்து ஏன் கொழுந்து கொறைஞ்சுச்சுன்னு தொரை கேட்டா, நேத்து தேதியில மழை இருக்கணும். இன்னைக்கு தேதியில எழுதி வச்சா என்னையத்தான் ஏசுவாரு."

"எப்ப இருந்து இப்படி எழுதுறீங்க?"

"எனக்கு முந்தி இருந்தவரும் இப்படித்தான். அவருக்கு முந்தி இருந்தவரும்." எழுந்து அலுமாரியைத் திறந்தார். அடுக்கடுக்காகப் பழைய புத்தகங்கள். எதை விரித்தாலும் ஒரு நாள் விடாமல் மழை. சண்டை நாள், ஊரடங்கு நாள், தோட்டமே மூடிக் கிடந்த நாள், எல்லாவற்றிலும் யாரோ ஒருவர் காலையில் போய் அந்தக் கண்ணாடிக் குவளையைத் தூக்கிப் பார்த்திருக்கிறார். நான் அப்படியே நின்றுவிட்டேன். அந்தப் புத்தகங்களில் ஒரு பிழையும் இல்லை. பிழை என் கோப்பில் இருந்தது.

எங்கள் ஆட்கள் காலை எட்டரைக்கு அளந்து, அளந்த நாளின் தேதியைப் போடுவார்கள். அந்த வரிக் கடைசி '1' சொல்வது அதைத்தான். பெய்த நாளின் தேதியைப் போடுகிறவர்களுக்கு அங்கே '0' வர வேண்டும். நான் '1' விட்டதால், தோட்டத்தில் சனிக்கிழமை என்று எழுதிய மழையை மொடல் வெள்ளிக்கிழமைக்குத் தள்ளியிருக்கிறது. வானம் சனிக்கிழமை பெய்ததை நான் ஒரு நாள் முன்னால் பெய்ய வைத்திருக்கிறேன்.

திரும்பி வரும் பஸ்ஸில் பயந்துகொண்டே வந்தேன். எதை நினைத்துத் தெரியுமா? சரி, அவருக்காகக் கொஞ்சம் நினைத்தேன். உண்மையைச் சொன்னால், எனக்காகத்தான் அதிகம் நினைத்தேன். கையெழுத்துப் போய்விட்டது. விசாரணைக்கு நான்கு நாள் இருக்கிறது. இப்போது ஒரு தமிழ் உத்தியோகத்தர் போய், ஒரு தமிழ்க் கதவுக்காரனைக் காப்பாற்றுகிற மாதிரி ஓர் எழுத்தை மாற்றப் போகிறேன் என்று சொன்னால் யார் நம்புவார்கள்? சும்மா இருந்தால் யாருக்கும் தெரியாது. அந்த '1' ஐ இந்த உலகத்தில் என்னைத் தவிர யாரும் பார்க்கப் போவதில்லை. இந்த வேலையில் உங்களுக்கும் அப்படி ஒரு நாள் வரும் பிள்ளைகளே, அதனால்தான் இதை மறைக்காமல் எழுதுகிறேன்.

நேரே பெரிய சேரிடம் போனேன். அவர் சிங்களவர், வார்த்தையை எண்ணிப் பேசுகிறவர், எங்களுக்கெல்லாம் அவரிடம் பயம். எல்லாவற்றையும் சொன்னேன். பேனாவை மூடி வைத்துவிட்டுக் கேட்டார்: "இந்தத் திருத்தம் அந்த மனுசனுக்கு எதிராகப் போகிறதென்றால், நீ இன்றைக்கே இங்கே ஓடி வந்திருப்பாயா?"

"தெரியாது சேர்" என்றேன்.

"சரி" என்றார். "அப்படியென்றால் அந்தக் கோப்பை நீ தொடாதே. நானும் தொட மாட்டேன்."

பிறகு அவர் சொன்னதைத்தான் இன்றுவரை நான் நினைத்து நினைத்து வியக்கிறேன். எந்த வெள்ளத்தைப் பற்றிச் சண்டையோ, அந்த வெள்ளத்தை ஓடவிடக் கூடாது என்றார். வேறு வெள்ளங்களை எடுக்கச் சொன்னார். வேலாயுதம் அந்த அணைக்கு வருவதற்கு முந்தியவை, வேறு ஆட்கள் நீர்மட்டம் எழுதியவை, யாருக்கும் எந்த இலாபமும் நட்டமும் இல்லாதவை. அவற்றை '1' போட்டு ஒரு தடவை, '0' போட்டு ஒரு தடவை ஓடவிட வேண்டும். எது ஆற்றோடு ஒத்துப்போகிறதோ அதுதான் சரி. அது தீர்ந்த பிறகு, இந்த வெள்ளத்தைக் குழுவின் முன்னால் ஒரே ஒரு தடவை ஓடவிட வேண்டும். அதுவரை அதன் விடையை யாரும் பார்க்கக் கூடாது. "விடை தெரிந்த பிறகு திருத்துகிறவனை நான் நம்ப மாட்டேன்" என்றார். "அது நானாக இருந்தாலும்."

கோப்பைத் திருத்துகிற வேலையை என் பக்கத்து மேசைக்காரர் சுனிலிடம் கொடுத்தார். நான் தோட்டத்திலிருந்து புத்தகங்களை வாங்கி வந்து வாசித்தேன், சுனில் அடித்தார். மூன்று நாளில் ஆறு வெள்ளங்கள் ஓடின. '1' போட்டபோதெல்லாம் கோடு ஆற்றுக்கு ஒரு நாள் முந்தி ஓடியது. '0' போட்டதும் வந்து ஆற்றின் மேலேயே படுத்துக்கொண்டது. ஆறு வெள்ளத்திலும் அப்படித்தான். ஆறாவது முடிந்ததும் சுனில் கதிரையில் சாய்ந்து, "அக்கே, இப்ப அந்த ஏழாவதையும் பார்த்துரட்டுமா?" என்றார்.

"கைய எடுங்க" என்றேன். எனக்கும் அதே ஆசைதான்.

விசாரணை நாளில் கணினியைக் கொண்டுபோய் அந்த அறை மேசையில் வைத்தோம். பெரிய சேர் எழுந்து, எங்கள் அறிக்கையில் பிழை இருக்கிறது, அதை எப்படிச் சோதித்தோம், இந்த வெள்ளத்தின் விடை எங்களுக்கே இன்னும் தெரியாது என்று ஒன்றுவிடாமல் சொன்னார். பிழை யார் செய்தது என்று தலைவர் கேட்டார். "என் அலுவலகம்" என்றார். என்னைத் திரும்பிப் பார்க்கவில்லை.

சுனில் பட்டனைத் தட்டினார். அந்தக் காலத்துக் கணினி, நாற்பது நிமிடம் எடுத்தது. வேலாயுதம் சுவரோரம் வாங்கில் உட்கார்ந்து கண்ணாடியைத் துடைத்துக்கொண்டிருந்தார். ஆறு வெள்ளங்கள் சரியாக வந்தது ஏழாவதும் அவருக்குச் சாதகமாக வரும் என்பதற்கு உறுதி இல்லை. உண்மையாகவே அவர் அளவுகோலைப் பார்க்காமல் எழுதியிருந்தால் இதோ இப்போது தெரிந்துவிடும். அதற்கும் நான்தான் சாட்சி.

கோடு இடப்பக்கத்திலிருந்து வரையத் தொடங்கியது. வெள்ளிக்கிழமை தட்டையாகப் போனது. சனி காலை தட்டை. சனி மாலை ஆறு மணி, அவர் 'வழமையான மட்டம்' என்று எழுதிய புள்ளி. கோடு அதன் நடுவாலே போனது. பத்து மணிக்கும் தட்டை, இரண்டு மணிக்கும் தட்டை. பிறகு, நாலு மணி தாண்டியதும், சுவர் ஏறுகிறது போல ஒரே நேராக மேலே ஏறியது.

என் உடம்பு சிலிர்த்துவிட்டது. இப்போது எழுதும்போதும் சிலிர்க்கிறது. அந்த எட்டுக் கோப்பில் வேலாயுதம் என்ற பெயர் எங்கேயும் இல்லை. அவர் எழுதிய ஓர் எண் கூட நாங்கள் கொடுக்கவில்லை. மேலே ஒரு கிளாக்கர் காலையில் தூக்கிப் பார்த்த கண்ணாடிக் குவளை, மலையின் சரிவு, தேயிலைத் தூரின் தடுப்பு, இவ்வளவுதான் கொடுத்தோம். அதிலிருந்து அந்தத் தண்ணீர் தானாக இறங்கி வந்து, தனியாக நின்ற ஒரு மனிதர் பார்த்ததைச் சரியென்று சொல்லிவிட்டுப் போனது. தெய்வத்துக்கு முன்னால் நிற்கிற மாதிரி இருந்தது எனக்கு. தலைவர் நெடுநேரம் திரையைப் பார்த்துவிட்டு, "இன்னொரு தடவை ஓட முடியுமா?" என்றார். ஓடவிட்டோம். மறுபடி அதே நாற்பது நிமிடம், அதே கோடு.

அவருக்கு வேலை திரும்பக் கிடைத்தது. அந்த மத்தியானமே வெளியே தேநீர்க் கடையில் அவர் தனியாக நிற்பதைக் கண்டு போனேன். யாரும் என்னைப் போகச் சொல்லவில்லை. போகாமலும் இருக்க முடியவில்லை.

"அண்ணே, அந்தத் தப்பு மெசின் செஞ்சதில்ல. நான் செஞ்சது. ஒரு வரியில ஒண்ணுன்னு விட்டுட்டேன், சைபர் போட்டிருக்கணும்."

அவர் கோபப்படுவார் என்று காத்திருந்தேன். ஏசினால் வாங்கிக்கொள்ளத் தயாராக இருந்தேன். அவர் பிளேன்டீயை வைத்துவிட்டு, கண்ணாடியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டார்.

"ஏழு மாசம் மிஸ்" என்றார். "மெசின் சொல்லிருச்சேன்னு, என் கண்ணுலதான் கோளாறுன்னு நெனச்சு டவுன்ல இத வாங்குனேன். ரோட்டோரத்துல ஒருத்தன் வித்துக்கிட்டிருந்தான். இத போட்டா எல்லாம் இன்னும் மங்கலாத்தான் தெரிஞ்சுச்சு. அப்பவும் கண்ணாடி சரியில்லன்னு தோணல்ல. என் கண்ணு அவ்வளவு மோசமாப் போச்சுன்னுதான் நெனச்சேன்."

அழுதுவிட்டேன். கடைக்காரர் பார்த்தார். பார்க்கட்டும் என்று விட்டுவிட்டேன்.

அவர் கண்ணாடியை மடித்து என் பக்கம் தள்ளினார். "எனக்கு இனி வேணாம். நீங்க வச்சிக்கங்க" என்றார். மன்னித்தேன் என்று சொல்லவில்லை. பஸ்ஸுக்கு நேரமாகிறது, ஆறு மணிக்கு அளவுகோல் பார்க்க வேண்டும் என்று சொல்லிவிட்டு நடந்துபோனார்.

ஒவ்வொரு தடவையும் ஒரு கோப்பை முடித்து ஓடவிடுவதற்கு முன், அந்தக் கண்ணாடியைப் போட்டுத் திரையைப் பார்ப்பேன். ஒன்றும் தெரியாது, எல்லா எண்ணும் கலங்கிப்போய் நிற்கும். பிறகு கழற்றி வைத்துவிட்டு, முதல் வரியிலிருந்து மறுபடி வாசிப்பேன். ஜன்னலோர மேசையின் இரண்டாவது இழுப்பறையில், பிளொப்பிப் பெட்டிக்குப் பின்னால் விட்டுவந்திருக்கிறேன். தயவுசெய்து அதை எறிந்துவிடாதீர்கள்.